அருங்காட்சியகப் பலகையை வாசிப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசு அருங்காட்சியகத்தில் ஒரு பொருளின் அருகே வைக்கப்பட்டிருக்கும் நான்கு வரி விளக்கத்தை நாம் பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். நூலுக்கு ஆசிரியர் உண்டு, நாளிதழ்க் கட்டுரைக்கு எழுதியவர் பெயர் உண்டு. விளக்கப் பலகைக்கு மட்டும் அரசு முத்திரையைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. எழுதியவர் யார், எந்தச் சான்றை வைத்து எழுதினார், ஒப்புதல் அளித்தவர் யார், அதே இடத்தில் முன்பு வேறு வாசகம் இருந்ததா என்பதெல்லாம் பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை. வரலாற்றைத் தன் பக்கம் சாய்க்க விரும்பும் எந்த ஆட்சிக்கும் இந்த நிலை வசதியானது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வாழ்பவர்கள் இதைத் தொலைவில் நடக்கும் சிக்கலாகக் கருத வேண்டாம். சங்கப் பாடல்கள் போற்றும் தகடூர் அதியமான், பல்லவர் கால நடுகற்கள், நுளம்பர் விட்டுச்சென்ற கன்னடக் கல்வெட்டுகள், ஐதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட காலத்துக் கோட்டைகள், மயிலாடும்பாறை இரும்பு என்று இன்றைய அரசியல் மேடைகள் எடுத்தாளத் துடிக்கும் பொருள்கள் பலவும் நம் மண்ணிலேயே கிடக்கின்றன. அவற்றைப் பற்றிய விளக்கத்தை எப்படி வாசிப்பது, சான்றோடு எப்படி ஒப்பிடுவது, ஐயம் எழுந்தால் யாரிடம் எப்படிக் கேட்பது என்பதை இங்கே சொல்கிறேன். டெல்லிக்கு ஓர் அளவுகோல், சென்னைக்கு ஓர் அளவுகோல், சொந்த ஊருக்கு ஓர் அளவுகோல் என்று வைத்துக்கொள்பவருக்கு இது பயன்படாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

தலையீடு எந்த வடிவில் வரும்

அரசுப் பலகையில் பச்சைப் பொய் எழுதப்படுவது அரிது. யாராவது பிடித்துவிடுவார்கள் என்ற அச்சம் எழுதுபவருக்கும் உண்டு. நடைமுறையில் தலையீடு வேறு சில வழிகளில் வருகிறது. அவற்றை அடையாளம் காண, நன்கு பதிவான சில நிகழ்வுகளை அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, பொருளை வைத்துக்கொண்டு அதைப் பற்றிய கேள்வியை எடுத்துவிடுவது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய எனோலா கே விமானத்தை வைத்து, குண்டு வீசும் முடிவு எப்படி எடுக்கப்பட்டது, தரையில் இருந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று விளக்கும் விரிவான காட்சி ஒன்றை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் விமான, விண்வெளி அருங்காட்சியகம் திட்டமிட்டிருந்தது. முன்னாள் படைவீரர் அமைப்புகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கடுமையாக எதிர்த்ததால் 1995இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். விமானத்தின் முன்பகுதி மட்டும் மிகச் சுருக்கமான விளக்கத்தோடு காட்சிக்கு வந்தது. பார்க்க வந்தவர்களுக்கு விமானம் கிடைத்தது, விவாதம் கிடைக்கவில்லை.

இரண்டாவது, ஆட்சி மாறியதும் காட்சியின் முடிவுரையை மாற்றுவது. போலந்தின் கதான்ஸ்க் நகரில் 2017 மார்ச்சில் திறக்கப்பட்ட இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகம், பல நாட்டு மக்களும் பட்ட துயரத்தை முன்னிறுத்தியது. போலந்தின் வீரத்தைப் போதிய அளவு சொல்லவில்லை என்று அன்றைய அரசு கருதியது. திறந்த சில வாரங்களிலேயே இயக்குநர் நீக்கப்பட்டார். பார்வையாளர் கடைசியாகக் காணும் குறும்படத்தை எடுத்துவிட்டு, போலந்தியரின் வீரத்தைச் சொல்லும் வேறு படம் வைக்கப்பட்டது. பிறகு ஆட்சி மாறியதும், 2024இல் புதிய நிர்வாகம் சில சேர்க்கைகளை அகற்றியபோது எதிர்த்தரப்பு கொதித்தெழுந்தது. ஒருமுறை கதவு திறந்துவிட்டால் அடுத்து வருபவரும் அதே கதவு வழியாகத்தான் நுழைவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது வடிவம் மிகச் சிறியது, அதனாலேயே ஆபத்தானது. 2025 ஜூலையில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில், பதவி நீக்கத் தீர்மானத்தை எதிர்கொண்ட அதிபர்கள் பற்றிய பகுதியில் இருந்து, டிரம்ப் மீதான இரண்டு தீர்மானங்களைச் சொன்ன பலகை காணாமல் போனது. பலகை தங்கள் காட்சித் தரத்துக்குப் பொருந்தவில்லை, அரசின் அழுத்தம் எதுவும் இல்லை என்று நிறுவனம் விளக்கம் அளித்தது. சில நாள்களில், ஆகஸ்ட்டில், அத்தகவல் சற்று மாறிய வாசகத்தோடு திரும்ப வந்தது. 'அமெரிக்க வரலாற்றில் உண்மையையும் நிதானத்தையும் மீட்பது' என்ற பெயரில் அதே ஆண்டு மார்ச்சில் அதிபர் ஓர் ஆணை பிறப்பித்திருந்ததையும், ஆகஸ்ட்டில் ஸ்மித்சோனியனின் எட்டு அருங்காட்சியகங்களின் காட்சிகளை வெள்ளை மாளிகை மறுஆய்வு செய்யத் தொடங்கியதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சிறு பலகையின் எடை புரியும். பழைய வாசகம் என்னவென்று அறிந்தவர்கள் இருந்ததால்தான் அது செய்தியாயிற்று.

நான்காவது, அருங்காட்சியகத்துக்கு வரும் முன்பே ஆய்வைத் தடுத்து நிறுத்துவது அல்லது தாமதப்படுத்துவது. கீழடியில் முதல் இரண்டு கட்ட அகழாய்வுகளை நடத்திய இந்தியத் தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2023 ஜனவரியில் அவர் அளித்த 982 பக்க அறிக்கையில் திருத்தங்கள் செய்யும்படி 2025 மே மாதம் துறை கேட்டது. அவர் தம் முடிவுகளில் உறுதியாக நின்றார். அடுத்த மாதமே மீண்டும் இடமாற்றம் வந்தது. இதில் அறிவியல் கேள்வி எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று வாதிட இடம் உண்டு. ஆனால் அறிக்கை வெளிவராதவரை அந்த வாதத்தைப் பொதுமக்கள் சான்றோடு நடத்த முடியாது.

நடுகல்லின் முன் நிற்கும்போது

தருமபுரியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் அருங்காட்சியகங்கள் துறையின் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு துறைகள் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் மனு எழுதும்போது தேவைப்படும். இரண்டு இடங்களிலும் நடுகற்களைப் பார்க்கலாம். பயிற்சிக்கு நடுகல்லைவிட நல்ல பொருள் கிடையாது, ஏனென்றால் பெரும்பாலும் அதன் சான்று அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும்.

விளக்கத்தை வாசிக்கும் முன் கல்லைப் பாருங்கள். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், தொடையிலோ மார்பிலோ தைத்து நிற்கும் அம்புகள், காலடியில் சிறிதாகச் செதுக்கிய மாடுகள், சில கற்களில் வீரனை மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் பெண்கள். பக்கத்திலோ மேலேயோ வட்டெழுத்து வரிகள் இருக்கும். அவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுபோலவே வரும்: அரசனின் பெயர், அவனது ஆட்சியாண்டு, பகுதித் தலைவன், ஊர், தொறு என்னும் ஆநிரையைக் கவர்ந்தவர் யார் அல்லது மீட்டவர் யார், கடைசியில் சண்டையில் இறந்துபட்டவன் பெயர். பல்லவ மன்னன் தலைப்பில் வருவான். செத்தவனோ ஏதோ ஒரு தலைவனின் சேவகனாக இருப்பான்.

இப்போது பலகையை வாசியுங்கள். கல் சொல்லும் இத்தனை செய்திகளில் பலகை எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டது என்று பாருங்கள். மன்னன் பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு, வீழ்ந்தவன் பெயரை விட்டிருந்தால், மாடு மீட்கப் போய்ச் செத்த ஒருவனின் நினைவுக்கல் பேரரசனின் புகழ்க்கல் ஆகிவிடுகிறது. கல்லில் இல்லாத சாதிப் பெயரோ சமயப் பெயரோ பலகையில் இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். குறுநில மன்னர்களையும் நடுகல் வீரர்களையும் இன்றைய சாதிகளின் முன்னோராக உரிமை கோருவது தமிழ்நாடு முழுவதும் நடக்கிறது. உள்ளூர் அரசியலின் அழுத்தம் டெல்லியின் அழுத்தத்தைவிட எந்த வகையிலும் குறைந்தது என்று நான் நினைக்கவில்லை.

கல்வெட்டின் மொழி குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடக் கல்வெட்டுகளும் தெலுங்குக் கல்வெட்டுகளும் உண்டு. தருமபுரியை ஆண்ட நுளம்பர்கள் கன்னடத்தில் எழுதினார்கள். இதைச் சொல்லாமல் விடும் காட்சிக்கூடம் எல்லைப்புற மக்களின் வரலாற்றில் பாதியை மறைக்கிறது. அதேபோல, நம் பக்கத்துச் சிற்றூர்களில் இத்தகைய கற்கள் இன்றும் வேடியப்பனாக வணங்கப்படுகின்றன. கல் எந்த ஊரில் இருந்து வந்தது, அங்கே வழிபாட்டில் இருந்ததா என்ற செய்தி பலகையில் இருந்தால்தான் அந்த மக்களும் வரலாற்றில் இடம்பெறுவார்கள்.

ஒப்பிடுவதற்கான மூலம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தொல்லியல் துறை மாவட்ட வாரியாகக் கல்வெட்டுத் தொகுதிகளை வெளியிட்டுள்ளது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய பதிப்புகளைத் தேடிப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி 2004இல்தான் தனி மாவட்டம் ஆனது என்பதால், அதற்கு முந்தைய நூல்களில் கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரக் கற்கள் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். ஊர்ப் பெயரை வைத்துத் தேடுங்கள்.

அதியமானைப் பற்றிய பலகைகளில் இன்னொரு கவனம் தேவை. அவ்வைக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தி புறநானூற்றின் 91ஆம் பாட்டில் வருகிறது. அது இலக்கியச் சான்று. இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்று குறிக்கிறது; அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கட்டளை, சோழர், பாண்டியரோடு சேர்த்துத் தம் ஆட்சிக்கு வெளியே இருந்தவராகக் குறிப்பிடும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அது விடை தந்தது. இதே கல்லை வைத்து, 'மௌரியரின் புகழ் தெற்கே எட்டியதற்குச் சான்று' என்றும் எழுதலாம், 'மௌரியருக்கு அடங்காத தமிழ் அரசுக்குச் சான்று' என்றும் எழுதலாம். முதல் வாசகம் டெல்லியில் இனிக்கும், இரண்டாவது சென்னையில் இனிக்கும். இரண்டு செய்திகளையும் ஒரே பலகையில் தருவதற்கு இடம் போதும்.

பெருமை தரும் பலகையை வாசிப்பது

இதுதான் கடினமான பகுதி. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரிகளின் காலக்கணிப்பை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 மே 9 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். கணிப்பு கி.மு. 1615, கி.மு. 2172 என்று வந்திருந்தது. தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு 4,200 ஆண்டுப் பழமை உடையது என்று செய்தி பரவியது. 2025 ஜனவரி 23 அன்று தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்குக் கி.மு. 3345 என்ற கணிப்பு வெளியாகி, அந்தப் பழமை இன்னும் பின்னே போனது. நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் உலகத் தொல்லியல் பேச்சில் இடம்பெற்றது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது, இன்றும் தருகிறது.

அந்த மகிழ்ச்சியாலேயே, இதைச் சொல்லும் எந்தப் பலகையையும் கூடுதல் கண்டிப்போடு வாசிக்க வேண்டும் என்கிறேன். காலக்கணிப்புக்கு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது இரும்புத் துண்டா, அதோடு கிடைத்த கரித்துண்டா என்று பலகை சொல்ல வேண்டும். கரியாக இருந்தால், கரிமக் கணிப்பு தருவது மரத்தின் வயது. அந்த மரம் எரிக்கப்படும்போதே பழையதாக இருந்திருக்கலாம், கரியும் இரும்பும் ஒரே மண்ணடுக்கில் ஒரே காலத்தில் சேர்ந்தவைதாமா என்பதையும் அகழாய்வாளர் நிறுவ வேண்டும். எத்தனை மாதிரிகள் சோதிக்கப்பட்டன, எந்த ஆய்வகத்தில், கிடைத்தது ஒற்றை ஆண்டா அல்லது ஒரு கால வரம்பின் நடுப்புள்ளியா என்பவையும் அதைப் போலவே தேவை. 'உலகின் முதல் இரும்பு' போன்ற ஒரு தலைப்பு மட்டும் இருந்து இவற்றில் ஒன்றும் இல்லையென்றால், அது அரசின் அறிவிப்பே ஒழிய அருங்காட்சியக விளக்கம் ஆகாது. அரசியல் மேடையில் முதலில் வெளிவரும் ஆய்வு முடிவு, பலகைக்கு வரும்போது மேடையின் குரலையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது.

இப்படிக் கேட்பது தமிழுக்கு எதிரானது என்று சிலர் சினப்படுவார்கள். கீழடிக்கு மேலும் அறிவியல் சான்று வேண்டும் என்று கேட்கும் மத்திய அரசின் கீழ்தான், 2024இல் வெளியான ஆறாம் வகுப்புப் பாடநூலில் சிந்துவெளி நாகரிகத்துக்குச் 'சிந்து-சரஸ்வதி நாகரிகம்' என்ற பெயர் நுழைந்தது. அங்கே என்ன சான்று என்று நாம் உரத்துக் கேட்க வேண்டுமானால், மயிலாடும்பாறையைப் பற்றிய நம் பலகை எந்தக் கேள்விக்கும் ஈடுகொடுத்து நிற்க வேண்டும்.

கோட்டைகளைப் பற்றிய பலகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திப்பு சுல்தான் விழாவைக் கர்நாடக அரசு 2015இல் தொடங்கியதையும், ஆட்சி மாறியதும் 2019இல் நிறுத்தியதையும் எல்லைக்கு இப்பால் இருந்து பார்த்தவர்கள் நாம். கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பற்றிய விளக்கத்தில் 'விடுவிக்கப்பட்டது', 'மீட்கப்பட்டது' என்று வந்தால், யாரிடமிருந்து, யாரால், யாருக்காக என்று கேளுங்கள். 1791இல் மேக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தை உள்ளடக்கிய பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. இந்த இரண்டு வரிகளை நேராக எழுதிவிட்டால் திப்புவைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை, அரக்கனாக்கவும் வேண்டியதில்லை.

பதிவு செய்வதும் கேட்பதும்

ஐயம் எழுந்தபின் செய்ய வேண்டியவற்றில் முதன்மையானது பலகையைப் படமெடுத்து வைப்பது. கேமராவுக்குக் கட்டணமோ கட்டுப்பாடோ இருக்கலாம், வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால் வாசகத்தை எழுத்துப் பிசகாமல் நோட்டில் எழுதுங்கள். பலகை முழுவதும் ஒரு படம், பொருளும் பலகையும் சேர்ந்து ஒரு படம், காட்சிக்கூடத்தில் அது இருக்கும் இடம் தெரியும்படி ஒரு படம் என்று எடுத்து, தேதியோடு சேமித்து வையுங்கள். தமிழ் வாசகத்தையும் ஆங்கில வாசகத்தையும் தனித்தனியாக எடுங்கள், ஏனென்றால் ஒன்றில் இருக்கும் 'இருக்கலாம்' போன்ற தயக்கச் சொல் மற்றதில் இல்லாமல் போவதுண்டு. காட்சிக்கூடம் புதுப்பிக்கப்படப் போகிறது என்ற செய்தி கேட்டால் அதற்கு முன்பே ஒருமுறை போய் எல்லாப் பலகைகளையும் பதிவு செய்வது மிகவும் பயனுள்ள வேலை.

அடுத்து காப்பாட்சியரிடம் நேரில் பேசுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் புகார் எழுதுவதை நான் ஏற்கவில்லை. குறைந்த பணியாளர்களோடு பெரும்பொறுப்பைச் சுமப்பவர்கள் அவர்கள். பல பிழைகளுக்கு அரசியல் காரணமே இருக்காது, அச்சடித்தவரின் கவனக்குறைவாகவோ பழைய நூலை அப்படியே எடுத்தெழுதியதாகவோ இருக்கும். அவர்மீது மேலிருந்து அழுத்தம் இருந்தால், வெளியே இருந்து வரும் சான்றுள்ள கடிதம் ஒன்று அவருக்கே துணையாகவும் அமையும். பார்வையாளர் பதிவேட்டில் 'நன்று' என்று எழுதிவிட்டு வராமல், எந்தப் பலகையில் எந்த வரிக்கு என்ன சான்று என்று கேட்டு எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகம் என்றால் தொல்லியல் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கும், கிருஷ்ணகிரி என்றால் அருங்காட்சியகங்கள் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கும் மனு எழுத வேண்டும். தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும், உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாள்களுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. மனுவைத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மாநில அரசு அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். இந்தியத் தொல்லியல் துறைக்குப் பத்து ரூபாய் அஞ்சல் ஆணை அனுப்பலாம், இணையவழியிலும் செலுத்தலாம்.

மனுவின் வெற்றி கேள்வியின் அமைப்பில் இருக்கிறது. 'ஏன் வரலாற்றைத் திரித்தீர்கள்' என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: 'மேற்கண்ட காட்சிக்கூடத்தில் உள்ள இன்ன பொருளுக்கான விளக்க வாசகத்துக்கு ஒப்புதல் அளித்த கோப்பின் நகல், ஒப்புதல் அளித்த அலுவலரின் பதவிப் பெயர், வாசகத்தைத் தயாரித்த குழு இருப்பின் அதன் உறுப்பினர் பட்டியலும் கூட்டக் குறிப்புகளும், இப்பொருளுக்கு முன்பு வைக்கப்பட்டிருந்த வாசகத்தின் நகல், காட்சி அமைப்புப் பணி தனியார் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டிருப்பின் பணி ஆணையின் நகல்.' இவற்றில் மூன்றாவதும் நான்காவதும்தான் உயிரானவை. மாற்றம் எப்போது, யார் சொல்லி நடந்தது என்பது பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ நிறைவாக இல்லாவிட்டாலோ அடுத்த முப்பது நாள்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம்; அதன்பின் தொண்ணூறு நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். மத்திய அரசின் துறை என்றால் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. 'கோப்பு இல்லை' என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். எந்தக் கோப்பும் இல்லாமல் ஒரு பலகை மாறியது என்பதே எழுத்தில் கிடைத்த சான்று.

பதில் கிடைத்தபின், திருத்தம் கோரும் கடிதத்தோடு நீங்கள் முன்மொழியும் வாசகத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஐகாம் எனப்படும் உலக அருங்காட்சியக மன்றத்தின் நெறிமுறை, காட்சியில் தரும் தகவல் ஆதாரமும் துல்லியமும் உடையதாக இருக்க வேண்டும், அதில் இடம்பெறும் மக்களையும் அவர்கள் நம்பிக்கைகளையும் உரியவாறு மதிக்க வேண்டும் என்கிறது; கடிதத்தில் அதை மேற்கோள் காட்டலாம். உங்கள் வாசகமும் நான்கு வரிக்குள் இருக்கட்டும், கல்வெட்டுத் தொகுதியின் பக்க எண்ணோடு இருக்கட்டும், உறுதியில்லாத இடத்தில் உறுதியில்லை என்றே எழுதுங்கள். கடிதத்தைத் தனியாளாக அனுப்புவதைவிட உள்ளூர்ப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர்கள் இருவர் மூவரையாவது சேர்த்துக்கொண்டு அனுப்பினால் மேசையில் தேங்காது. படங்கள், மனு, பதில், கடிதம் ஆகியவற்றின் நகல் தொகுப்பு ஒன்றை மாவட்ட மைய நூலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.